திருத்திய மதிப்பீட்டில் சம்பளம் 6 கோடி கூடுதலாக வருது, எங்கே தப்பு?

பட்ஜெட்_செல்:
வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் பட்ஜெட் பார்க்கிறேன். 2025-26 ஆர்.இ. (திருத்திய மதிப்பீடு) போட்டுக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை நிதிக்குழு. சம்பளத் தலைப்பில் பி.இ. (முதலில் போட்ட பட்ஜெட் மதிப்பீடு) 38.75 கோடி. என் எக்செல் 44.87 கோடி என்கிறது. புதிதாக ஒரு ஆளைக்கூட எடுக்கவில்லை. எஃப்.ஓ. (நிதி அலுவலர்) பேப்பரைப் பார்த்துவிட்டு, "யாருக்குய்யா இந்த ஆறு கோடி?" என்றார். பதில் இல்லாமல் நின்றேன்.

செய்தது இதுதான்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லெட்ஜரில் 25.60 கோடி (ஜனவரி, பிப்ரவரி அகவிலைப்படி நிலுவையைத் தனி வரிக்கு மாற்றியாச்சு). அதை 7ஆல் வகுத்து மாதச் சராசரி எடுத்தேன். அகவிலைப்படி 55லிருந்து 58 ஆனதால், மீதி 5 மாதத்துக்குச் சராசரியோடு 3% கூட்டினேன். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நிலுவைக்கும் அதே சராசரியில் 3%. ஃபார்முலாவை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

ஷீட்_மணி:
மறைத்து வைத்த வரி ஏதாவது இருக்கா பாருங்க. ஒருதடவை துறைவாரிக் கூட்டுத்தொகையையும் சேர்த்துக் கூட்டி, சம்பளத்தை இரண்டு மடங்காக்கி சின்டிகேட் (பல்கலையின் ஆட்சிக்குழு) வரைக்கும் கொண்டுபோனவன் நான்.

பட்ஜெட்_செல்:
அதையும் பார்த்தாச்சு சார். அப்படி எதுவும் இல்லை.

பழைய_சூப்பரின்டென்ட்:
தம்பி, எக்செல்லை மூடிட்டு ஏப்ரல் லெட்ஜரைத் திறங்க. நம்ம ஊரில் சம்பளம் மாதக் கடைசி வேலைநாளில். மார்ச் சம்பளம் மட்டும் ஏப்ரலுக்குத் தள்ளும். ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கொடுத்த தேதியில் கணக்கு வைத்தால் ஏப்ரலில் இரண்டு சம்பளம் விழும், அடுத்த மார்ச்சில் ஒன்றுமே விழாது. நீங்க எடுத்த 7 மாதத்தில் 8 சம்பளம் இருக்கு. 7ஆல் வகுத்தா எப்படி?

மீதி இருப்பதும் ஐந்து சம்பளம் இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, அவ்வளவுதான். இதே தப்பை நான் 1990களில் பச்சை மையில் செய்து, முழுத் தாளையும் திரும்ப எழுதியிருக்கிறேன்.

பட்ஜெட்_செல்:
சார்! ஏப்ரல் 2ஆம் தேதி ஒரு வவுச்சர், 30ஆம் தேதி ஒன்று. இரண்டிலும் "மாதச் சம்பளம்" என்று மட்டும்தான் எழுதியிருக்கு, எந்த மாதம் என்றே இல்லை. 25.60ஐ 8ஆல் வகுத்தால் 3.20 கோடி, சம்பளப் பட்டியலோடு அப்படியே ஒத்துப்போகுது.

கணக்குப்பிள்ளை_மகள்:
இன்னொரு ஓட்டையும் இருக்கு. அகவிலைப்படி 3 புள்ளி ஏறினால் மொத்தச் சம்பளம் 3% ஏறாது. அந்த 3% அடிப்படை ஊதியத்தின் மேல் மட்டும்தான். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 155 ஆக இருந்தது 158 ஆகுது, 2%கூட இல்லை. வீட்டு வாடகைப்படியும் இங்கே அடுக்குத் தொகை, சதவீதம் கிடையாது. அதனால் அது அசையாது. உங்க மாத அடிப்படை எவ்வளவு?

பட்ஜெட்_செல்:
2 கோடி மேடம்.

கணக்குப்பிள்ளை_மகள்:
அப்போ மாதத்துக்கு 6 லட்சம்தான் கூடும். நவம்பர் முதல் 3.26 கோடி, நான்கு மாதத்துக்கு 13.04. நிலுவை நான்கு மாதத்துக்கு 24 லட்சம். 25.60ஐயும் சேர்த்தால் 38.88 கோடி. இன்கிரிமென்டை (ஆண்டு ஊதிய உயர்வு) இதில் சேர்க்கவில்லை. நமக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தேதியில் வரும். ஜனவரி ஆட்களை மட்டும் இனிமேல் சேருங்க, மற்றவங்களுக்கு ஏற்கெனவே ஏறிடுச்சு.

பழைய_சூப்பரின்டென்ட்:
ஈட்டிய விடுப்பு சரண்டரை (எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்குவது) மறந்துடாதீங்க. 2020ல் நிறுத்தினது 1.10.2025 முதல் திரும்ப வந்திருக்கு, 15 நாள். உங்க பல்கலையில் அமல்படுத்திவிட்டார்களா என்று எஸ்டாபிளிஷ்மென்டில் (பணியாளர் விவகாரப் பிரிவு) கேளுங்க. பி.இ. போட்டபோது இது இருந்திருக்காது. எல்லாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா ஐந்து வருஷமா கிடைக்காததால் கூட்டம் வரும். சம்பளத்தோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்க, தணிக்கையில் கேட்பாங்க.

பட்ஜெட்_செல்:
இரண்டு பேருக்கும் நன்றி. புதுத் தாளை எஃப்.ஓ.விடம் கொடுத்தேன். ஆறு கோடியை மறந்துவிட்டு, இப்போ 13 லட்சம் ஏன் கூடுதல் என்கிறார்! அகவிலைப்படி உயர்வு மொத்தம் 48 லட்சம், பி.இ.யில் அதற்கு 35 லட்சம்தான் ஒதுக்கியிருந்தோம் என்றேன். தலையாட்டினார். சரண்டர் விண்ணப்பங்கள் எத்தனை என்று எஸ்டாபிளிஷ்மென்டில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.