சதாபிஷேகத்துக்கு முந்தைய இரவு எந்தப் படம்?

கார்த்திக்: பெரியப்பாவின் கட்டளைப்படி முழு வாக்கியத்தில் எழுதுகிறேன். தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு முதல்நாள் இரவு கும்பகோணத்து வீட்டு மொட்டைமாடியில் ஒரு படம் போடலாம் என்று இருக்கிறேன். விழா முடிந்த மறுநாளிலிருந்து நாங்கள் ஆறு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடப்போகிறோம். ஆறு பேரும் ஒரே மனநிலையில் உட்காருவதற்கு அந்தப் படம் உதவ வேண்டும்.

ராஜி அத்தை: விசேஷ வீட்டில் பகடையா? தருமர் பட்டது போதாதா?

கார்த்திக்: இது சூதாட்டம் இல்லை, அத்தை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். காசு வைத்து ஆடுவதில்லை.

முரளி சித்தப்பா: அப்படியானால் 2001இல் வந்த அந்த மோதிரப் படம், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அதன் முதல் பாகத்தையே போட்டுவிடு.

கார்த்திக்: அது மட்டும் வேண்டாம், சித்தப்பா. போன தீபாவளிக்கு அதைப் பார்த்துவிட்டு ஆட உட்கார்ந்தோம். சரவணன் வில்லைக் கீழே வைக்கவில்லை, திவ்யா நான்கு மணி நேரம் தேவதைக் குரலிலேயே பேசினாள்.

திவ்யா: அந்தக் குரலைப் பற்றி இனிப் பேசமாட்டேன் என்று நீ சத்தியம் செய்திருக்கிறாய்.

கார்த்திக்: நான் நினைப்பது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’, 1954ஆம் ஆண்டுப் படம். ஆட்டத்தில் நான் நடத்தப்போகும் கதையும் ஒரு சிற்றூர்க் கதைதான். அறுவடைக்குக் காத்திருக்கும் கொள்ளையர்களை விரட்ட, சாப்பாடு மட்டுமே கூலியாகப் பெற்றுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியது. அந்தப் படத்தில் ஊரார் தாங்கள் சிறுதானியம் தின்றுகொண்டு, வந்தவர்களுக்கு அரிசிச் சோறு போடுகிறார்கள். ஆள் தேர்வு செய்யும் காட்சி ஒன்று வரும்: கதவுக்குப் பின்னால் ஒருவன் கட்டையை ஓங்கியபடி நிற்கிறான், தேர்ந்த வீரரோ உள்ளே கால் வைக்காமலே, விளையாட்டு வேண்டாம் என்று வாசலில் நின்று சிரிக்கிறார். இதைப் பார்த்த பிறகு எந்தக் கதவையும் சரவணன் உதைத்துத் திறக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

சரவணன்: நான் உதைத்தது ஒரே ஒரு கதவைத்தான்.

மணி பெரியப்பா: படம் 207 நிமிடம் என்று இணையத்தில் பார்த்தேன். அப்பா எட்டரைக்குப் படுப்பவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யைப் போடுங்கள், மாயமும் மந்திரமும் அதில் இல்லாததா?

முரளி சித்தப்பா: அண்ணா, உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த படத்தின்போது விழித்திருந்தது கொசு மட்டும்தான்.

மணி பெரியப்பா: நீ முதல் பாட்டுக்கே குறட்டை விட்டாய் என்று சொல்.

கார்த்திக்: பெரியப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ரங்காராவின் மந்திரவாதி கத்திக் கூச்சலிட்டுப் பயமுறுத்துவதில்லை. இளவரசியை மணக்கப் பொருள் தேடி அலையும் ஏழைப் பையனுக்கு ஆசை காட்டி, பலிபீடம்வரை தன் காலாலேயே நடந்துவர வைக்கிறான். என் கதையின் வில்லனும் அப்படித்தான் பேசவேண்டும். அவன் வரும் இரண்டு காட்சிகளை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

திவ்யா: கூடவே 1963ஆம் ஆண்டு ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்து எலும்புக்கூட்டுச் சண்டையும் வேண்டும். சில நிமிடக் காட்சிக்காக ரே ஹாரிஹவுசன் ஏழு எலும்புக்கூடுகளையும் இம்மி இம்மியாக நகர்த்தி நாலரை மாதம் படம்பிடித்திருக்கிறார்.

கார்த்திக்: என் கதையில் எலும்புக்கூடே கிடையாது, திவ்யா. நீங்கள் எல்லாரும் அதற்காகக் கல்லறையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். சாமுராய் படத்தை இடைவேளையோடு நிறுத்திவிடுவதாக இருக்கிறேன்; ஆள் சேர்த்தாயிற்று, பெரிய சண்டை இன்னும் வரவில்லை என்ற இடத்தில் எழுந்துபோனால், அந்தப் பதற்றத்தோடேயே ஆட வருவீர்கள்.

திவ்யா: மீதியைச் சரவணன் அன்று ராத்திரியே போர்வைக்குள் போனில் பார்த்துவிடுவான்.

சரவணன்: பார்ப்பேன்.

ராஜி அத்தை: படம் இருக்கட்டும், புரொஜெக்டர் எங்கே? என் கிரகப்பிரவேசத்துக்கு நான் வாங்கியதை முரளி இரவல் கொண்டுபோய் ஆறு வருடம் ஆகிறது.

முரளி சித்தப்பா: அக்கா, அது பத்திரமாக இருக்கிறது.

விஜி சித்தி: பத்திரமாகத்தான் இருக்கிறது, பல்புதான் இல்லை.

ராஜி அத்தை: எனக்கு இது எப்போதோ தெரியும்.

தாத்தா: ஜப்பான் படத்தில் பாட்டு உண்டா? எனக்கு ரங்காராவ் வந்தால் எழுப்புங்கள்.

கார்த்திக்: நாற்று நடும்போது ஊரார் பாடுவார்கள், தாத்தா. ஆனால் அது இடைவேளைக்குப் பிறகு, கடைசியில்தான் வரும்.

மணி பெரியப்பா: அப்படியானால் முழுப் படத்தையும் போடு. எட்டரைக்கு அப்பா எந்த இடத்தில் இருப்பார் என்று கணக்குப் பார்த்துச் சொல்.

விஜி சித்தி: முதலில் பல்பு எங்கே கிடைக்கும் என்று யாராவது கணக்குப் பாருங்கள்.