அப்பா ‘வீடு’ படத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

மார்த்தாண்டத்துக்காரன் எழுதியது:

அப்பாவுக்கும் எனக்கும் படம் விஷயத்தில் ஒத்தே போகாது. கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் பத்து நிமிடத்தில் எனக்குக் கண் சொருகிவிடும், புதுப்படம் போட்டால் அவர் "ஒருத்தன் பேசுகதும் வெளங்கல்ல, பூரா இருட்டு" என்று ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். லீவுக்கு வந்திருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை விடாத மழை, வெளியே போக வழியில்லை. சரி, பழசாகவும் இருக்க வேண்டும் கலராகவும் இருக்க வேண்டும் என்று பேசி 1988-இல் வந்த ‘வீடு’ படத்தைப் போட்டேன், பாலு மகேந்திரா படம். தாத்தாவோடு இருக்கும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் கதை.

முதல் பாதி அப்பாவுக்குக் கொண்டாட்டம். கான்ட்ராக்டர் திருட்டுத்தனம் பண்ணும் இடத்தில் எல்லாம் "மூடைய எண்ணாம எறக்க விட்டா இப்பிடித்தான்" என்று ஒரே கமென்ட். எங்கள் வீடு கட்டியபோதும் ஒருவர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு லிண்டல் மட்டத்தோடு காணாமல் போனார், அந்தக் கதையை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அதனால் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அந்தத் தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) பாதி கட்டின வீட்டைப் பார்க்கத் தனியாக வருவார் இல்லையா. குடையோடு வந்து ஒவ்வொரு அறையாக நுழைந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், வசனமே கிடையாது. அந்த இடத்தில் அப்பா எழுந்து, "மோட்டாரு ஓடுகா எண்ணு பாத்துட்டு வாறேன்" என்று போனவர் திரும்பவே இல்லை. அன்றைக்குக் காலையிலேயே டேங்க் நிறைந்துவிட்டது, மோட்டார் போட வேண்டிய வேலையே இல்லை.

மீதியை நான் தனியாகப் பார்த்து முடித்தேன். நல்ல படம்தான், ஆனால் எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை. ராத்திரி அம்மாதான் சொன்னாள். எங்கள் பாட்டா (தாத்தா) தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து புதுச் செவருக்கு வெள்ளம் ஊற்றுவாராம், கூலிக்கு ஆள் வைத்தால் ஒழுங்காக நனைக்க மாட்டான் என்று. கான்கிரீட் போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் இறந்துபோனார். எனக்கு அப்போது நான்கு வயது. கான்ட்ராக்டர் கதையை ஆயிரம் முறை சொன்ன அப்பா இதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு படம் உங்களையோ வீட்டில் யாரையோ பிடித்துக்கொண்டிருக்கிறதா? மீதிப் படத்தைப் பார்க்க அப்பாவைக் கூப்பிடலாமா, இல்லை அப்படியே விட்டுவிடுவது நல்லதா?

தக்கலை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, கூப்பிடாதே. தேவைப்பட்டால் அவரே வருவார்.

எனக்கு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் இது இரண்டு முறை நடந்தது. முதல் முறை எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர் வாசகசாலையில் கோவில் கொடைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க மூன்று படம் போடுவார்கள். முதல் இரண்டும் அடிதடி, மூன்றாவதாக யார் கொடுத்த கேசட்டோ, இதைப் போட்டுவிட்டார்கள். மணி மூன்று இருக்கும். ஒரு சண்டைகூட இல்லை என்று பின்னால் இருந்து ஒரே கூச்சல், நானும் கத்தினேன், அப்புறம் அங்கேயே பாயில் சுருண்டு தூங்கிவிட்டேன்.

இரண்டாவது முறை பார்க்கும்போது எனக்கு 41, இரண்டு பிள்ளைகள். கடைசியில் ஊர் மொத்தமும் கரையில் நிற்க அந்த மனிதன் ஆற்றில் இறங்குகிறான். அவன் சாவது எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, அவ்வளவு அயோக்கியன். அவனுடைய இரண்டு பிள்ளைகளை இனி யார் வளர்ப்பார்கள், அதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. டிவியை அணைத்த பிறகும் உள்ளே போய்த் தூங்குகிற பிள்ளைகளுக்குப் போர்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், நல்ல வெயில்காலத்தில். என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலில் இருந்து எடுத்தது என்று டைட்டிலில் வரும், பிற்பாடு தேடிப் படித்தேன். படத்துக்கும் அதற்கும் ரொம்ப தூரம். மகேந்திரன் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தைத் தன் தோட்டத்தில் நட்டுக்கொண்டார் போல.

கருங்கல் ரப்பர் எழுதியது:

பழைய படம்தான் இப்படிப் பிடிக்கும் என்று யாரும் எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு புதுப்படத்தைச் சொல்லிவிடுகிறேன், ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. மம்மூட்டி வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் மலையாளி, வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, காணாமல் போன ஒரு தமிழனாகவே அந்த ஊருக்குள் நடந்து போய்விடுகிறார்.

எனக்கு அம்மை வழி கேரளத்துப் பாறசாலை, அப்பா வழி கருங்கல். சின்ன வயதில் எங்கள் வீட்டு ஆன்டெனாவில் திருவனந்தபுரம் தூர்தர்ஷன்தான் தெளிவாக விழும், பேசுவது தமிழ், ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது மலையாளம். இந்தப் படத்தை ஒரு மலையாளி கூட்டுக்காரனோடு தியேட்டரில் பார்த்தேன். படம் நெடுகப் பின்னால் எங்கேயோ பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும், கண் தெரியாத அந்தக் கிழவி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொன்றும் இன்ன படம், இன்ன இடம் என்று தெரிகிறது, நான் தனியாகச் சிரிக்கிறேன், அவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். லாட்ஜில் ‘உறங்குவது போலுஞ் சாக்காடு’ குறளுக்கு அர்த்தம் சொல்லும் இடத்தில் நிலைமை மாறிவிட்டது, அவன் கண்ணை விலக்காமல் பார்க்கிறான், நான் பள்ளிக்கூடத்தில் அந்தக் குறளை எழுதாமல் அடி வாங்கினதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மம்மூட்டி சட்டென்று தமிழில் பேச ஆரம்பித்தபோது தியேட்டரே அசந்துபோனது. எனக்கு மட்டும் அது அதிசயமாகத் தெரியவில்லை. கேரள எல்லையில், களியக்காவிளை செக்போஸ்டில் தினமும் நான் பண்ணுகிற காரியம்தானே.

சும்மா சொல்றேன் எழுதியது:

எல்லோரும் ரொம்ப உருகாதீங்க. அப்பா நிஜமாகவே மோட்டார் பார்க்கப் போயிருக்கலாம், மழைக்காலத்தில் வயசானவர்கள் அப்படித்தான்.

அழ வைத்தால் நல்ல படம் என்று ஒரு கணக்கு வந்துவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘மெய்யழகன்’ வந்தபோது என்னைச் சுற்றி எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள், வெட்டுவதற்கு முந்தைய மூன்று மணி நேரம். பிற்பாடு 18 நிமிடம் குறைத்தார்கள், அந்த 18 நிமிடமும் என் முதுகுவலியாக இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருத்தனின் பேர் ஞாபகம் வராமல் தவிக்கிறவன் கதைதான் அந்தப் படம். வீட்டுக்கு வரும் வழியில் ஒருத்தர் ஹெல்மெட்டோடு "என்ன மக்களே, சுகமா" என்று கேட்டார், பேர் ஞாபகம் வரவில்லை, நானும் "சுகம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழக்கமாக அடுத்த நிமிடமே மறந்திருப்பேன். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை யார், யார் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். இன்னும் தெரியவில்லை.

ஒழுகினசேரி எழுதியது:

நான் பிறந்த ஊர் கலைவாணர் ஊர். பேச்சுக்குப் பேச்சு அவர் பெயரைக் கேட்டு வளர்ந்தேன், ஆனால் 2020-இல் ஊரடங்கு வரும்வரை அவர் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ‘நல்லதம்பி’ போட்டோம், 1949, அண்ணா எழுதினது. கிந்தனார் கதாகாலட்சேபம் வந்ததும் ஆச்சி பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள், ஒரு வரி பிசகவில்லை. நான் சிரித்ததெல்லாம் ஆச்சியைப் பார்த்துத்தான்.

பிற்பாடுதான் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே இருந்து 1947-இல்தான் வெளியே வந்திருக்கிறார். வந்த இரண்டே வருஷத்தில் அடிபட்ட ஒரு சேரிப் பையன் படித்து ஆளாகிற அந்தக் கிந்தனார் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். அது தெரிந்த பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆச்சி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

மார்த்தாண்டத்துக்காரன் எழுதியது:

அண்ணாச்சி சொன்னபடி கூப்பிடவில்லை. நேற்று ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் தின்றுகொண்டிருக்கும்போது அப்பாவே கேட்டார், "அந்தப் பிள்ளைக்கு வீடு கெடச்சுதா?" என்று.

இல்லை, வீடு முக்கால்வாசி முடிந்த பிறகு அந்த இடம் தங்களுக்குச் சொந்தம் என்று குடிநீர் வாரியத்தில் இருந்து வந்துவிட்டார்கள், கோர்ட்டு வாசலில் படம் முடிந்துவிடுகிறது என்றேன். அப்பா ஓய்வு பெறும்வரை முப்பது வருஷம் ஆதாரம் (நிலப் பத்திரம்) எழுதினவர். கையில் எடுத்த மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"முன்னாதாரம் பாக்காம, வில்லங்கம் போட்டுப் பாக்காம, ஆராவது வானம் தோண்டுவாளா? அந்தக் கெழவன் உயிரோட இருந்தவரைக்கும் ஒருத்தனும் கேக்கலையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மரச்சீனியைப் பிசைந்தேன். சும்மா சொல்றேன் அண்ணனுக்கு ஒரு தகவல், மோட்டார் விஷயத்தை அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துவிட்டேன், அன்றைக்குக் காலையில் டேங்க் நிறைந்த பிறகு கரண்ட் ஒரு ஃபேஸ்தான் இருந்ததாம், போட்டிருந்தாலும் ஓடியிருக்காது.