மாஸ்டடான் சர்வருக்கு நன்கொடை வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சின்ன மாஸ்டடான் சர்வர் நடத்துகிறோம் (மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைதளம், ஆளாளுக்கு நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும்). விளம்பரம் கிடையாது, யாருக்கும் சம்பளமும் கிடையாது. எழுத்துக்கு இடம் அவ்வளவாக ஆகாது, ஆனால் மற்ற சர்வர்களில் இருந்து வரும் படம், வீடியோ எல்லாம் இங்கேயும் ஒரு நகல் சேர்ந்துவிடும், பழையதை அழிக்க அழிக்க டிஸ்க் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, வாடகையும் கூடவே ஏறுகிறது. இதுவரை எங்கள் கைக்காசுதான்.

சரி, பயன்படுத்துபவர்களிடமே கேட்போம் என்று முடிவு செய்துவிட்டோம். கேட்டால் தருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் எல்லாம் வாங்கும் இடத்தில்தான். ஒருவருடைய சொந்த யூபிஐக்கு வாங்கினால் அவர் கணக்கும் பொதுக் கணக்கும் கலந்துவிடும். டிரஸ்ட் வைத்தால், கனடா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்புவதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். (இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியில் சேராது, அந்த மட்டில் நிம்மதி.)

இப்படி ஒரு தன்னார்வக் குழுவுக்குக் கணக்கு வைத்தவர்கள், ஆடிட்டர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், டிரஸ்டா சொசைட்டியா, எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு எது தாங்கும்? அப்புறம், மாதாமாதம் வரவு செலவைப் பொதுவில் போடப் போகிறோம், அதற்கு நல்ல மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள்.