ஏறாமையா, ஊட்டப் பிழையா?

குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுடுகலன் (துவக்கு, துப்பாக்கி) சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் செய்யும் நம் இழையில் ஒரு கேள்வி வந்தது: ஒரு ரவை, அதாவது தோட்டா, சுட்ட பிறகு அடுத்தது குழலுக்குள் போகாமல் நின்றுவிடும் பிழைக்கு (ஆங்கிலத்தில் failure to feed) என்ன பெயர் வைப்பது என்று. அதற்குச் சென்னை அண்ணா முன்வைத்த ‘ஊட்டப் பிழை’ என்ற சொல்லை மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனது ஒப்பவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியைக் குழுவில் போட்டதே நான்தான், அதனால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் வன்னியில், ஒட்டுசுட்டானில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சூடடிக்கும் மெசின், நீர்ப்பம்பி, லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) என்று வருவதைத் திருத்துவது என் வேலை. அக்காவின் மகன் சுவிசில் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் இருக்கிறான். அங்கே உரிய அனுமதிப் பத்திரம் எடுத்து, புதிதாக ஒரு 9 மில்லிமீற்றர் பிஸ்டல் வாங்கினான். முதல் 200 ரவை சுடுவதற்குள் 7 தடவை நடுவில் நின்றுவிட்டதாம். எனக்கு மெசின் வேலை தெரியும் என்று தொலைபேசி எடுத்தான். அரை மணி நேரம் ஜேர்மன் சொற்களில் விளக்கினான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய், “மாமா, ரவை மேல ஏறுதில்லை” என்றான். உடனே எனக்கு முழுதும் விளங்கியது.

அந்த ஒரு வசனத்தில் நமக்கு வேண்டிய சொல், ‘ஏறாமை’, இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

மட்டக்களப்பு அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தார்: துவக்குக்கு இனியும் தமிழ்ச் சொல் தேவையா, பட்டது போதாதா என்று. அக்கா, உங்கள் கேள்வியை நான் தட்டிக் கழிக்கவில்லை. 2009க்கு முன் வன்னியில் இருந்த எவருக்கும் ரவை, ரவைக்கூடு, எறிகணை, சன்னம் எல்லாம் அகராதியில் படித்த சொற்கள் அல்ல. உடம்பில் பட்ட சொற்கள். ஆனால் நீதிமன்றத்தில் ஒரு சுடுகலன் வழக்கு வந்தால், நிபுணரின் அறிக்கையைத் தமிழில் பெயர்ப்பவருக்கு ‘ரவை ஏறவில்லை’ என்பதும் ‘ரவை வெடிக்கவில்லை’ என்பதும் வேறு வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் விசையை இழுத்தாரா, இழுத்தும் வெடிக்கவில்லையா, இழுக்கும்போது உள்ளே ரவையே இல்லையா என்பதில் ஒருவருடைய விடுதலை தங்கியிருக்கலாம். அந்த இடத்தில் ‘துவக்கு இறுகிவிட்டது’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். சொல் பொருந்துகிறதா என்று பார்க்க முதலில் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். மருமகன் அனுப்பிய மெதுவாக ஓடும் வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். வெடித்த உடன் மேலே இருக்கும் கனத்த இரும்புப் பாகம், அவர்கள் ஸ்லைட் என்கிறார்கள், பின்னால் ஓடுகிறது. ஓடும்போது அதிலுள்ள ஒரு சின்னக் கொழுக்கி வெற்றுக்கோதை, குழலின் பின்முனையில் ரவை இருந்து வெடிக்கும் அறையிலிருந்து கழற்றி இழுத்து வருகிறது. கோது ஒரு முனையில் முட்டி வெளியே தெறிக்கிறது. பிறகு அழுந்திக் கிடந்த ஸ்பிறிங் ஸ்லைடை முன்னால் தள்ளுகிறது. முன்னால் வரும்போது அது கைப்பிடிக்குள் ரவைகளை அடுக்கி வைத்திருக்கும் ரவைக்கூட்டின் (மகசின்) ஆக மேலே உள்ள ரவையை உரசித் தள்ளுகிறது. ரவையின் மூக்கு ஒரு சின்னச் சரிவில் முட்டி, சரிவு வழியே மேலேறி, அறைக்குள் புகுகிறது. கொழுக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, ஸ்லைட் பொருந்தி நிற்கிறது. கண் வெட்டும் நேரத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடுகிறது.

இதில் ரவை கீழேயிருந்து மேலே சரிவில் ஏறுகிறது. இது உவமை இல்லை, உண்மையாகவே ஏறுகிறது. ‘ஊட்டு’ என்றால் எனக்குக் கையும் வாயும் தெரிகிறது, சோறு பிசைந்து கொடுக்கிற ஒருவர் தெரிகிறார். இந்த மெசினில் அப்படி ஒருவரும் இல்லை. அப்பாவிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது, பன்றியும் ஆனையும் வயலுக்குள் வராமல் பார்க்க. அதில் தோட்டாவைக் கையால் எடுத்துக் குழலுக்குள் வைப்பவர் அவர். அங்கே ஊட்டுதல் என்று சொன்னால்கூட நான் ஒத்துக்கொள்வேன். தானே ஏற்றிக்கொள்ளும் துவக்கில் அது ஒட்டாது.

‘தானே ஏற்றிக்கொள்ளும்’ என்று எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எஸ்.எல்.ஆர் என்ற பெயரை எங்கள் தலைமுறையில் கேட்காதவர் இல்லை. அந்த மூன்று எழுத்தின் பொருளே தானாக ஏற்றிக்கொள்ளும் துவக்கு என்பதுதான். ஆகவே ‘அரைத் தானியங்கி’ என்று எல்லோரும் எழுதுகிற இடத்தில் ‘தன்னேற்றி’ என்ற சொல்லை வைக்கலாம். தன்னேற்றிக் கைத்துப்பாக்கி. ‘அரை’ என்றால் பாதி வேலை செய்வது போலத் தொனிக்கிறது. தன்னேற்றி என்றால் எது தானாக நடக்கிறது என்று சொல்லிவிடுகிறது: ஏற்றுவது தானாக, சுடுவது ஒவ்வொரு தடவையும் விரலால்.

ஊட்டு, ஏற்று என்ற இந்த இழுபறி புதிதும் இல்லை. தமிழ்நாட்டுப் பௌதிகப் புத்தகத்தில் மின்னூட்டம் என்று படிக்கிறார்கள், நாங்கள் இங்கே மின்னேற்றம் என்று படித்தோம். ஒரே பொருள், கடலுக்கு அந்தப் பக்கம் ஊட்டுகிறார்கள், இந்தப் பக்கம் ஏற்றுகிறோம். அதனால் சென்னை அண்ணாவின் காதுக்கு ‘ஊட்டம்’ இயல்பாக வருவது எனக்கு விளங்குகிறது. ஊர்ப்பற்றால் நான் ‘ஏறு’ என்று நிற்கவில்லை. என் உண்மையான காரணம் அடுத்தது.

ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. ‘ரவை ஏறாமை’ என்றால் ரவை ஏறவில்லை என்ற நடப்பை மட்டும் சொல்கிறோம். ‘ஏற்றாமை’ என்றால் ஏற்ற வேண்டியவர் ஏற்றவில்லை என்று குற்றம் சுமத்துகிறோம். பட்டறையில் ஒரு மெசின் வந்தால் முதல் நாள் நான் எழுதிவைப்பது என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான். ஏன் என்பதைப் பிறகு எழுதுவேன். பிழைக்கு வைக்கும் பெயரே தீர்ப்பாக இருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். ‘ஊட்டப் பிழை’யில் இந்தச் சிக்கல் இருக்கிறது. கேட்டவுடன் ஊட்டுகிற உறுப்பில், அதாவது ரவைக்கூட்டில்தான் பிழை என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

ரவை ஏறாததற்கு எத்தனை காரணம் இருக்கிறது என்று பாருங்கள். ரவைக்கூடு கடைசி வரை தள்ளிப் பூட்டப்படாமல் இருக்கலாம். அதன் வாயிலுள்ள இரண்டு உதடுகளில் ஒன்று வளைந்திருக்கலாம். உள்ளே ரவைகளைத் தாங்கி மேலே தள்ளும் தட்டு சரிந்திருக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துவக்கில் துருப்பிடிக்காமல் பூசிய கிறீஸ் அப்படியே இறுகிக் கிடக்கலாம். ரவையின் மூக்கு உருண்டையாக இல்லாமல் குழிவாக இருந்தால் சரிவில் தட்டி நிற்கலாம். பழைய கோதில் கையால் திரும்ப வெடிமருந்து போட்டுச் செய்த ரவை என்றால் நீளம் பிழைத்திருக்கலாம். 9 மில்லிமீற்றர் ரவையின் முழு நீளம் 29.69 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. வெடிமருந்து குறைந்த ரவையாக இருந்தால் ஸ்லைட் முழுதாகப் பின்னால் போகாது. புது ஸ்பிறிங் விறைப்பாக இருந்தாலும் அப்படித்தான், அதனால்தான் சில தயாரிப்பாளர்களே முதல் சில நூறு ரவை சுட்டுப் பழக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுபவரின் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துவக்கு முழுவதும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைட் ஓடுவதற்கு எதிரே உறுதியான பிடி இல்லாமல் பாதியில் திரும்பிவிடும். அங்கே பிழை ரவைக்கூட்டிலும் இல்லை, ரவையிலும் இல்லை, கையில். இத்தனைக்கும் பொதுவாக வரும் பெயர் யாரையும் சுட்டாத பெயராக இருக்க வேண்டும்.

எதிர்மறைத் தொழிற்பெயராக ‘-ஆமை’ போடுவது நம் மொழிக்குப் புதிதும் இல்லை. திருக்குறள் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: கல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, பொச்சாவாமை. ஒன்று நடக்காமையை ஒரே சொல்லில் பிடித்து வைக்க இதைவிடச் சுருக்கமான வழி நமக்கு இல்லை. இந்த அச்சில் வார்த்தால் மற்றப் பிழைகளும் வரிசையாக வருகின்றன. ரவை அறைக்குப் போகாவிட்டால் ஏறாமை. போயும் ஸ்லைட் கடைசி இரண்டு மூன்று மில்லிமீற்றர் மூடாமல் நின்றால் பொருந்தாமை. விசையை இழுத்தும் சுடாவிட்டால் வெடிக்காமை. வெற்றுக்கோது அறையை விட்டு வராவிட்டால் கழலாமை. ஏறு–ஏற்று, பொருந்து–பொருத்து, கழல்–கழற்று என்று தன்வினையும் பிறவினையும் சோடியாகவே இருப்பதால் உறுப்புகளுக்கும் பெயர் வந்துவிடுகிறது. கோதை இழுக்கும் அந்தக் கொழுக்கி, கழற்றுகொழுக்கி.

கோது வெளியே தெறிக்காத பிழைக்கு மட்டும் எனக்கு நிறைவு இல்லை. ‘தெறிக்காமை’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் தெறி என்பதற்கு அப்படி ஒரு சோடி அமையவில்லை. ‘வெளியேறாமை’க்குச் சோடி உண்டு, வெளியேறு–வெளியேற்று. ஆனால் சுடுதிடலின் சத்தத்துக்குள் அது ஏறாமையோடு குழம்பிப் போகும். இதற்கு உங்களில் யாராவது நல்ல சொல் தந்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பி எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது: ரவைக்கூட்டில் கையால் ரவை போடுவதையும் ‘ஏற்றுதல்’ என்கிறோமே, இரண்டும் குழம்பாதா? குழம்பும். அதனால் கூட்டில் போடுவதை ‘நிரப்புதல்’ என்றே எப்போதும் எழுதுவோம். கூடு நிரப்பப்படுகிறது, ரவை ஏறுகிறது. ‘நிரப்பிய கூடு’, ‘ஏறிய ரவை’ என்று எழுதிப் பார்த்தேன், பிசகவில்லை.

அடுத்தது, இந்தச் சொல்லை எல்லா மெசினுக்கும் பொதுவாக்கலாமா என்ற கேள்வி. இங்கேதான் நான் உறுதியாக ‘வேண்டாம்’ என்கிறேன். ஆங்கிலத்தில் feed என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்பதற்காக நாமும் ஒரே சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை. என் பட்டறைக்கு வருகிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரிசி ஆலைக்காரர் ‘நெல்லு இறங்குதில்லை’ என்பார், ஏனென்றால் நெல் மேலேயிருந்து கீழே வருகிறது. தையல் மெசின் கொண்டுவருகிற பிள்ளை ‘துணி நகருதில்லை’ என்பாள். கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) வேலை செய்கிற தம்பி ‘பிரிண்டர் பேப்பர் இழுக்குதில்லை’ என்பான். அவரவர் மெசினில் பொருள் போகும் திசையை அவரவர் வினை சொல்லிவிடுகிறது, அதிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. நெல்லுக்கு இறங்காமை, துணிக்கு நகராமை, ரவைக்கு ஏறாமை. பொதுவாக இருக்க வேண்டியது அச்சு, வினை அல்ல.

மீதிச் சில்லறைச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சரிவுக்கு ‘ஏறுசரிவு’. ரவைக்கூட்டு உதடு என்பதில் மாற்றம் வேண்டாம், பார்த்தவுடன் விளங்குகிறது. உள்ளே தாங்கும் தட்டுக்கு ‘தாங்குதட்டு’. ஸ்லைடை இப்போதைக்கு ஸ்லைட் என்றே விட்டுவிடலாம். ‘ரவை’ தமிழ்நாட்டில் உப்புமாவைத்தான் நினைவூட்டும் என்று கோவை அக்கா எழுதியிருந்தார். இங்கேயும் ரவை என்று அந்த மாவையும் சொல்கிறோம், ஒருநாளும் ஒருவரும் மாறி விளங்கியதில்லை. ஆனாலும் பட்டியலில் ரவை, தோட்டா இரண்டையும் போடுவோம், யாருக்கும் அந்நியமாக இருக்கக்கூடாது.

மருமகனின் பிஸ்டலுக்கு என்ன நடந்தது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றுதான் நின்றான். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று என்று சொன்னேன். கூட்டைக் கழற்றி, அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும் என்று அவனுடைய கழகத்தில் முதல் நாளே பழக்கியிருந்தார்கள். முதலில் கிறீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டான், பிறகும் இரண்டு தடவை நின்றது. உருண்டை மூக்கு ரவைக்கு மாறினான், ஒரு தடவை நின்றது. கழகத்தில் மூத்த ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொன்னான், அவர் கையிலும் நின்றது, ஆகவே மணிக்கட்டு இல்லை. அப்புறம் இரண்டு ரவைக்கூட்டுக்கும் பெயின்றால் 1, 2 என்று எழுதிவைத்துச் சுட்டான். 1இல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. 2இல் மூன்று தடவை. வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோது 2இன் இடது உதடு மயிரிழை உள்ளே வளைந்திருந்தது. கடையில் அந்தக் கூட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி அவன் குறிப்பேட்டில் ‘இரண்டாம் கூடு ஏற்றாமை’ என்று பிறவினையில் எழுதலாம், கண்டுபிடித்தாயிற்று. அதுவரை ஏறாமை. பட்டியலில் இந்தச் சொல்லைச் சேர்க்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள். சென்னை அண்ணாவின் பதிலை முதலில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து