கென்யா + டான்சானியா ஒரே பயணத்தில்: இ.டி.ஏ., விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி. எதை முதலில் முடிப்பது?

புல்வெளி_யாத்ரி (கேள்வி):

வணக்கம். சென்னையிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறோம்: நான், மனைவி, 7 வயது மகள், 63 வயது அம்மா. எல்லோரும் இந்திய பாஸ்போர்ட். நைரோபியில் இறங்கி கென்யாவின் மாசாய் மாரா காப்பகம், அங்கிருந்து டான்சானியாவின் செரெங்கெட்டி பூங்கா, திரும்ப நைரோபி வந்து ஊருக்கு விமானம். கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா ஒன்று எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் ஏஜென்ட். அது சரியா? மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? அம்மா பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. அதனால் சிக்கல் வருமா?

எல்லைக்கோடு:

ஏஜென்ட் சொன்னது உங்கள் வழிக்குப் பொருந்தாது. அந்த 100 டாலர் விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான். டான்சானியா அதில் இல்லை. அந்த மூன்று நாட்டு எல்லையைத் தாண்டி வெளியே போனால் விசாவே முடிந்துவிடும். செரெங்கெட்டி போய் வருகிற உங்களுக்கு அது வீண் செலவு. இந்தக் குழப்பத்தில் பணம் விடுகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து கட்டிவிடாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு தனித்தனி அனுமதி.

கென்யாவுக்கு விசா கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதிதான். தலைக்கு 30 டாலர், அதன் மேல் கார்டு கட்டணம் கொஞ்சம். குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், முகப் படம், போக வர டிக்கெட், தங்குமிட புக்கிங் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும், காலிப் பக்கமும் இருக்க வேண்டும். மூன்று வேலை நாள் என்று கணக்குச் சொன்னாலும் படம் மங்கலாக இருந்தாலோ ஹோட்டல் தேதி இடைவெளி விட்டாலோ திருப்பிக் கேட்பார்கள். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

ஒன்று முக்கியம். தேடினால் முதலில் வருகிற தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, அதே படிவத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். அரசுத் தளத்தின் முகவரி "டாட் கோ டாட் கேஇ" என்றுதான் முடியும். முடிவு வேறாக இருந்தால் கார்டை எடுக்காதீர்கள்.

இ.டி.ஏ. ஒரு முறை நுழைவுக்குத்தான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நாட்டுக்கு மட்டும் போய்விட்டு, அனுமதி நாள் முடிவதற்குள் திரும்பினால் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. டான்சானியா அந்தக் கூட்டமைப்பில்தான் இருக்கிறது. அதனால் முதல் நாள் நைரோபியில் முத்திரை குத்தியதும் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். இ.டி.ஏ. பிரின்ட்டைக் கடைசி நாள் வரை தூக்கி எறியாதீர்கள்.

டான்சானியாவுக்கு இ-விசா, தலைக்கு 50 டாலர், ஒற்றை நுழைவு. இங்கும் அரசுத் தளம்தான், முடிவு "டாட் கோ டாட் டிஇசட்". எந்த எல்லை வழியாக நுழைகிறீர்கள் என்று படிவத்திலேயே கேட்கும், அதைத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

மருந்துப்பெட்டி:

விசாவுக்கு முன்னால் ஊசி. உங்களிடம் ஐந்து வாரம்தான் இருக்கிறது, இந்த வாரமே தொடங்குங்கள்.

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்பது மற்ற இரண்டு இடங்களில். கென்யாவிலிருந்து டான்சானியாவுக்குள் நுழையும்போது எல்லையில் கேட்பார்கள். அதைவிட முக்கியம், இந்தியாவுக்குத் திரும்பும்போது. கென்யா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இந்த நோயைப் பரப்பும் கொசு இந்தியாவிலேயே ஏராளம், நோய் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு, அது நியாயமும்கூட.

ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். முந்தின வாரம் போட்டுக்கொண்டு போவது பயன்படாது. ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலையில் வந்த மாற்றம் இது, சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகம் பழையதாக இருந்து அதில் பத்து வருடம் என்று இருந்தாலும் செல்லும்.

அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் கணக்கு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள்.

இது உயிருள்ள தடுப்பூசி, அதாவது பலம் குறைத்த கிருமியை வைத்துச் செய்தது. மகளுக்கு அம்மை ஊசி மாதிரி வேறு உயிருள்ள ஊசி சமீபத்தில் போட்டிருந்தால் நான்கு வார இடைவெளி வேண்டும், அட்டையை எடுத்துப் பாருங்கள். 60 வயதுக்கு மேல் முதல் முறை போடுகிறவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடும் பக்க விளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். அம்மாவை அவருடைய மருந்துகள் தெரிந்த டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை, தைமஸ் சுரப்பிக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும்.

புல்வெளி_யாத்ரி:

மிக்க நன்றி. அம்மாவுக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால்?

மருந்துப்பெட்டி:

விலக்குக் கடிதம் எழுதித் தருவார். ஆனால் அதைக் காட்டினாலும் திரும்பி வரும்போது முடிவு சுகாதார அதிகாரி கையில்தான். கடிதத்தை நம்பி 63 வயதுக்காரரை அந்த நிலையில் கொண்டு போய் நிறுத்த வேண்டாம். அப்படி ஒரு நிலை வந்தால் கென்யாவை விட்டுவிட்டு வளைகுடா வழியாக டான்சானியா மட்டும் போவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் டான்சானியா இல்லை. அடிஸ் அபாபா வழி டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள், எத்தியோப்பியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் டாக்டர் பதில் தெரியும் வரை எந்த டிக்கெட்டையும் உறுதி செய்யாதீர்கள்.

ஒற்றைப்பெயர்:

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் இது சகஜம். விவரப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி போல << நிறைந்த இரண்டு வரி இருக்கும். கணினி படிப்பது அதைத்தான். அம்மா பெயர் அங்கே எப்படி இருக்கிறதோ, அதே எழுத்தில் டிக்கெட், இ.டி.ஏ., இ-விசா, மஞ்சள் புத்தகம் நான்கிலும் இருக்க வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட படிவம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ புதிதாகச் சேர்க்காதீர்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே ஒற்றைப் பெயரையே போடுங்கள். டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்தையும் கேளுங்கள்.

மஞ்சள் புத்தகத்தை வாங்கும் கையோடு நான்கு விஷயம் பாருங்கள்: பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், மையத்தின் முத்திரையோடு கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கேயே வேறு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்று நினைத்தால், அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதில்லை.

எல்லைக்கோடு:

உங்கள் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டியே இருக்கின்றன, மான் கூட்டம் தாண்டிப் போகும். ஆனால் சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தில் எல்லை தாண்ட முடியாது. மேற்கே கென்ய எல்லை ஊரான இசெபானியா போய், டான்சானியப் பக்கம் சிராரியில் முத்திரை வாங்கி, சுற்றிக்கொண்டுதான் செரெங்கெட்டிக்குள் போக வேண்டும். ஒரு பகல் அதற்கே போய்விடும். கென்யா சஃபாரி வண்டி டான்சானியப் பூங்காவுக்குள் போக முடியாது, எல்லையில் வண்டி மாற வேண்டும். அந்த ஏற்பாட்டை இரண்டு பக்க நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். இ-விசாவில் நுழைவிடம் சிராரி என்று போடுங்கள்.

திரும்பும்போது டான்சானியாவின் அருஷா நகரிலிருந்து நைரோபிக்கு நமாங்கா எல்லை வழி. அங்கே இரண்டு நாட்டுக் கவுன்ட்டரும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன: முதலில் வெளியேறும் முத்திரை, அடுத்து நுழையும் முத்திரை. முதலாவதைத் தவற விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

டாலர் நோட்டு எடுத்துப் போனால் புதியதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் வாங்குங்கள், 2009க்கு முந்தைய அச்சைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா 2017லும் டான்சானியா 2019லும் தடை செய்துவிட்டன, கடையில் சுற்றித் தந்த கவரும் அதில் சேரும். ட்ரோன் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டு போனால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நீங்கள் வெளியேறுவதோ வேறு எல்லை வழியாக.