ஆழமில்லாத ஏரியில் மூன்றாவது வருடமாகப் பாசி: அடுத்து எதைச் செய்வது?

எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரியில் மூன்று கோடையாக நீலப்பச்சைப் பாசி படர்கிறது. பரப்பு 9 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.6 மீட்டர்தான். வெயில் ஏறி, காற்று நின்றுவிட்டால் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியது போல் ஆகிவிடுகிறது. நீச்சலை நிறுத்திவிட்டோம், துடுப்புப் படகு மட்டும் ஓடுகிறது. குழந்தைகள் தண்ணீர் அருகே போனாலே மனசு பதறுகிறது.

தண்ணீரின் தெளிவை அளக்க உள்ளே இறக்கும் செக்கி தட்டு 35 செ.மீ. ஆழத்திலேயே மறைகிறது; முன்பெல்லாம் தரை தெரியும். கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையில் லிட்டருக்கு 3 மி.கி., மதியம் 12-ஐத் தாண்டுகிறது. மதிய பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9.4.

பார்லி வைக்கோல் போட்டோம், பலனில்லை. காற்றூட்டும் கருவி இரண்டு வைத்தோம். அடிச்சேறு கலங்கியதுதான் மிச்சம். சுற்றியுள்ள வீடுகளில் பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸ் உரத்தை விட்டுவிட்டார்கள், வாத்துகளுக்கு ரொட்டி போடுவதும் நின்றது. உள்ளே வரும் மழைநீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மி.கி. மட்டுமே, ஏரிக்குள் 0.14. அப்படியானால் சேற்றிலிருந்துதான் வெளிவருகிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, இது தொடங்குவதற்கு முந்தைய வருடம்தான் படகுக்கு இடைஞ்சல் என்று நீரடித் தாவரங்களை அடியோடு வெட்டினோம். கெண்டை மீன்களும் நிறைய, சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன.

படிகாரம் போடலாம் என்கிறார்கள். ஆனால் பிஎச் இவ்வளவு ஏறினால் அது பாஸ்பரஸைச் சரியாகப் பிடித்து வைக்காதே. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். இதே மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: முதலில் கெண்டையைக் குறைத்துத் தாவரங்களை மீண்டும் நடுவதா, அல்லது பிஎச் இறங்கும் குளிர்காலத்தில் படிகாரம் போடுவதா?