சி.டி. படத்தில் கல்லீரல் ஏன் இடப்பக்கம் தெரிகிறது?

கேள்வி (முதலாண்டு மாணவர்):
உடற்கூறு வகுப்பில் கல்லீரல் வலப்பக்கம் என்று படித்தோம். வயிற்று சி.டி. குறுக்குவெட்டில் அது திரையின் இடப்பக்கம் இருக்கிறது. டிசெக்‌ஷனில் (சடலத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில்) பார்த்ததோடு எப்படிப் பொருத்துவது?

பதில் 1:
மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலப்பக்கம் உங்கள் இடப்பக்கம் வரும். முதுகெலும்பு கீழே.

எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு) மட்டத்தில் தொடங்குங்கள். பெருந்தமனிக்கு முன்னே மேல் குடல்தாங்கித் தமனி, அதற்கு வலப்பக்கம் (திரையில் இடப்பக்கம்) அதைவிடத் தடித்த மேல் குடல்தாங்கிச் சிரை. சிரைக்கு முன்னே கணையத்தின் கழுத்து. இந்த மூன்றும் பிடிபட்டால் மற்றவை தானாக வரும். சிரை மறுபக்கம் இருந்தால் குடல் சுழற்சிக் கோளாறு (கருவில் குடல் சரியாகச் சுழன்று அமையாத நிலை) உண்டா என்று பார்க்க வேண்டும்.

பதில் 2:
விண்டோவை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை திரையில் காட்டப்படும் அடர்த்தி எண்களின் வரம்பை, கவனியுங்கள். நீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறக்குறைய -100 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு). வரம்பின் மையம் 40, அகலம் 400 வைத்தால் -160க்குக் கீழே எல்லாம் கறுப்பு. நுரையீரல் திசு காணாமல் போகும். அதற்கு மையம் -600, அகலம் 1500.

பதில் 3:
ஒரே வெட்டை வைத்து முடிவு சொல்லாதீர்கள். குடலைத் தனித்துக் காட்டக் கொடுக்கும் மருந்து நிரம்பாத குடல் வளையம் நிணநீர்க் கணு போலவே தெரியும். மேலும் கீழும் நகர்த்துங்கள்: குடல் தொடர்ந்து ஓடும், கணு சில வெட்டுகளில் மறையும்.

இன்னொன்று, சி.டி. பெரும்பாலும் மூச்சை இழுத்துப் பிடித்த நிலையில் எடுப்பது. அதனால் கல்லீரலும் சிறுநீரகங்களும் சடலத்தில் பார்த்ததைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். முள்ளெலும்பு எண்ணை மட்டும் நம்பினால் தவறும்.